பூஞ்சை பிடிக்கும் முன் கல்யாண டிவிடியைக் காப்பி எடுத்துவிடுங்கள்

போன ஐப்பசியில் கோத்தகிரியில் எட்டு நாள் சேர்ந்தாற்போல் மழை. ஒன்பதாம் நாள் லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. பீரோவைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துப் போட்டபோது, மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் கையில் தட்டுப்பட்டது. உள்ளே இருபத்து மூன்று டிஸ்குகள். அக்கா கல்யாணம், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம், தம்பி மகள் காதுகுத்து, யார் வீட்டதோ ஒரு புதுமனைப் புகுவிழா. அது எங்கள் டின்னுக்குள் எப்படி வந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபதாம் கல்யாண டிஸ்கைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது.

வீடியோ எடுத்தவரிடம் இன்னொரு பிரதி இருக்குமே என்று போனேன். “மாஸ்டரெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சுக்கறதில்லீங்க, இடம் பத்தாது” என்றார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அப்பா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அவர் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரு டிஸ்கில்தான்.

அப்பா அம்மா முதல் தடவை கல்யாணம் செய்துகொண்டபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் தயாரான காலத்துப் படங்கள், இன்னும் ஆல்பத்தில் தெளிவாக இருக்கின்றன. அறுபதாம் கல்யாணத்து டிவிடி அதற்குள் சாகக் கிடக்கிறது. புதியது நீண்ட நாள் நிற்கும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

அந்த டிஸ்கை ஒருவழியாக மீட்டுவிட்டேன், கடைசிப் பதினோரு நிமிடம் தவிர. அந்த அலைச்சலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் படம் பார்ப்பதற்கு மேல் எதுவும் செய்து பழகாதவர்களும் இதைச் செய்யலாம்.

எதை முதலில் எடுப்பது

டின்னைக் கவிழ்த்ததும் எல்லோரும் கை வைப்பது பிடித்த நடிகரின் படத்தில்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கடையில் வாங்கிய சினிமா டிவிடி போனால், அதே படம் ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்கும். உங்கள் வீட்டு வளைகாப்பு வேறெங்கும் இருக்காது. எனவே வரிசை இப்படி: உலகத்தில் ஒரே பிரதியாக இருப்பது முதலில், அதிலும் கறை தெரிவது அதற்கும் முதலில்.

சினிமா டிஸ்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவற்றில் காப்பி எடுக்க விடாத சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சொந்தமாகப் பார்க்க எடுத்தால் அந்த எண்ணம் உண்டா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நான் அந்த வம்புக்குப் போவதில்லை. சினிமா டிஸ்கை பிளேயரில் போட்டுப் பார்க்கிறேன், தேய்ந்துபோனால் ஓடிடியில் தேடுகிறேன். ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்கில் பூட்டும் கிடையாது, சாவியும் தேவையில்லை. கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட டிஸ்குகளுக்குத்தான்.

கையில் இருப்பது என்ன டிஸ்க்

திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடி போல வெள்ளியாக மின்னினால் தொழிற்சாலையில் அச்சிட்டது. ஊதாச் சாயல் அடித்தால் ஸ்டூடியோவில் எழுதியது. அந்த ஊதா ஒரு சாயம். லேசர் அதைச் சுட்டுத்தான் படத்தை எழுதுகிறது. வெயில் பட்டால் சாயம் வெளிறும். ஜன்னல் ஓரம் வைத்த கல்யாண டிஸ்க் ஓடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிய சாண்ட்விச். தகவல் நடுவில் இருக்கிறது. விசிடி அப்படியில்லை. அதன் உயிர் பெயர் எழுதும் மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அடியில் கீறல் விழுந்தால் பிழைக்கும், மேலே பேனா முனை ஆழமாகக் கீறினால் முடிந்தது கதை. அதனால் விசிடியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஸ்டிக்கரோடு படமும் உரிந்து வந்துவிடும்.

கொள்ளளவு: சாதாரண டிவிடி 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. உள்ளங்கை அளவு 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க் கிடைத்தால் அது கேம்கார்டரில் எழுதியது. அதைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் வையுங்கள். வாயில் சொருகும் வகை டிரைவில் போட்டால் திரும்பி வராது. கம்ப்யூட்டர் அதைக் ‘காலி டிஸ்க்’ என்று சொன்னாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எடுத்தவர் கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்ய, அதாவது எழுதி முடிந்தது என்று டிஸ்கை மூட, மறந்திருப்பார். அந்தக் கேமராவுக்கு இன்னும் உயிர் இருந்தால் அதிலேயே போட்டு அந்த வேலையை முடிக்கலாம்.

கழுவுவது, காய வைப்பது

கீழே சமவெளியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நமக்குப் பாதி வேலை இதில்தான்.

பூஞ்சை பிடித்ததை மற்ற டிஸ்குகளிடமிருந்து உடனே பிரியுங்கள். முகத்தில் ஒரு துணி கட்டிக்கொண்டு வாசலில் வைத்து உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். சுத்தத் தண்ணீரில் அலசி, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டியிருந்தால் நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் வட்ட வட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். வட்டத்தோடு கூடவே ஓடும் கீறல் ஒரு காட்சியையே முழுதாக விழுங்கிவிடும்.

பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று ஒரு வைத்தியம் ஊரெல்லாம் சுற்றுகிறது. பற்பசை அரம் போன்றது. ஒரு கீறலை மழுக்க நூறு கீறல் போடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் அழிப்பான் எல்லாம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தகட்டுக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் கறையோ ஊசி ஓட்டைகளோ தெரிந்தால் எத்தனை கழுவினாலும் அது போகாது. கிடைத்த மட்டும் லாபம் என்று நேரே காப்பிக்குப் போங்கள்.

காய வைக்கும்போது நம் கை தானாகக் குமுட்டி அடுப்பை நோக்கிப் போகும். வேண்டாம், டிஸ்க் வளைந்துவிடும். நேர் வெயிலும் ஆகாது. வீட்டில் உலர்ந்த அறையில் ஒரு நாள் முழுக்கச் சாய்த்து வையுங்கள். அவசரமில்லாவிட்டால் இந்த வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள். இரவில் உறைபனி விழுந்தாலும் அந்த மாதங்களின் பகல்கள் சுள்ளென்று உலர்ந்திருக்கும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரவெல்லாம் குளிர்ந்த அறையில் கிடந்த டிரைவைக் காலையில் ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்து, கையோடு டிஸ்கைப் போட்டேன். கிர்ரென்று சுற்றியது, டிஸ்கே இல்லை என்றது. டிரைவ் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கவே கிளம்பிவிட்டேன். மதியம் போட்டால் ஓடுகிறது! குளிரிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடி மூடுபனி பிடிக்குமே, அதுபோல உள்ளே இருக்கும் லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது. குளிர்ந்த சாமானை அறைக்குள் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் தொடுங்கள்.

டிரைவும் இடமும்

இப்போதைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பியில் சொருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கினால் போதும். அதன் வயரை லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். நடுவில் பல வாய் ஹப் வைத்தால் மின்சாரம் போதாமல் டிரைவ் பாதியில் திணறும். சில டிரைவுகளின் வயருக்கு இரண்டு தலை இருக்கும், இரண்டையும் சொருக வேண்டும். வாங்குவதற்கு முன் தெரிந்தவர் வீட்டில் பழைய டெஸ்க்டாப் தூங்குகிறதா என்று கேளுங்கள். கெட்ட டிஸ்கைப் படிப்பதில் அந்தப் பழைய கனத்த டிரைவுகள் கெட்டிக்காரத்தனம் காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடக் கணக்கு சுலபம். 4.7 ஜிபி டிஸ்கைக் கம்ப்யூட்டர் 4.4 ஜிபி என்றுதான் காட்டும், அப்படி வைத்தால் என் இருபத்து மூன்றுக்கும் ஏறக்குறைய 100 ஜிபி. சின்ன ஹார்டு டிஸ்க் போதும். ‘இவ்வளவு உயரத்தில் ஹார்டு டிஸ்க் ஓடுமா’ என்று மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். அபத்தமான கேள்வி இல்லை. சாதாரண ஹார்டு டிஸ்கின் முள் காற்றில் மிதந்துதான் படிக்கிறது, காற்று மெலிந்தால் சிக்கல்தான். ஆனால் பெரும்பாலான ஹார்டு டிஸ்குகளுக்கு 10,000 அடி வரை, அதாவது 3,000 மீட்டருக்குச் சற்று மேல் வரை அனுமதி உண்டு. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். கவலை வேண்டாம்.

காப்பி எடுப்பது

டிஸ்கைப் போட்டதும் படம் தானாக ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த டிரைவைத் திறங்கள். ‘வீடியோ_டிஎஸ்’ (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பக்கத்தில் ‘ஆடியோ_டிஎஸ்’ என்று இன்னொன்று இருந்தால், காலியாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். ஹார்டு டிஸ்கில் ‘2007 அறுபதாம் கல்யாணம் டிஸ்க் 1’ என்கிற மாதிரி ஒரு ஃபோல்டர் போட்டு, வீடியோ_டிஎஸ்ஸை அப்படியே முழுசாக இழுத்துப் போடுங்கள்.

முழுசாக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உள்ளே பார்த்தால் ‘விஓபி’ என்று முடியும் பெரிய ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். படம் அவற்றில்தான் இருக்கிறது என்று அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ஐஎஃப்ஓ’ என்ற பொடிசுகளை விட்டுவிடுபவர்கள் நிறைய. எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு என்ற விவரம் அந்தப் பொடிசுகளில்தான் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் ரிசப்ஷன் முடிந்து மாப்பிள்ளை அழைப்பு வரும்.

நல்ல டிஸ்க் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விசிடியாக இருந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரில் ‘டாட்’ (.DAT) என்று முடியும் ஃபைல் இருக்கும். அதைக் காப்பி செய்து விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்தாலே ஓடும். படம் 352க்கு 288 புள்ளிதான், தெளிவாக இல்லையே என்று வருந்திப் பயனில்லை. எழுதியதே அவ்வளவுதான்.

பாதியில் நின்றுவிட்டால்? முதலில் டிஸ்கை வெளியே எடுத்து மறுபடி கழுவுங்கள். அப்புறம் வேறு டிரைவ். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சர்வ சாதாரணம். அதிலும் தேறாவிட்டால் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது, லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே கிளப்பலாம், லேப்டாப்பில் இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. இதற்குக் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விண்டோஸ் கெட்ட இடம் வந்ததும் முரண்டு பிடித்து நின்றுவிடும். இதுவோ பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளை செய்வதைச் செய்யும். தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிட்டு, விட்டுப்போன இடங்களை ஒரு தனிக் குறிப்பு ஃபைலில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அந்த இடங்களுக்கு மட்டும் வரும். டிரைவை மாற்றிவிட்டு அதே குறிப்பு ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அக்கம்பக்கத்தில் இரண்டு டிரைவ் கடன் வாங்கி, மூன்று ராத்திரி ஓட விட்டுத்தான் அப்பாவை மீட்டேன். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. குறிப்பு ஃபைல் இருந்ததால் ஒன்றும் குடி முழுகவில்லை.

முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள், முக்கியமாகக் கடைசிப் பத்து நிமிடம். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் படத்தின் முடிவு விளிம்புப் பக்கம் இருக்கும். விரல் படுவதும் ஈரம் ஏறுவதும் பூஞ்சை தொடங்குவதும் அந்த விளிம்பில்தான். ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று டிக் அடித்தால் ஏமாந்துபோவீர்கள்.

டிவியில் ஓடும்படி மாற்றுவது

காப்பி எடுத்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் விஎல்சி அப்படியே ஓட்டும். டிவிக்கும் போனுக்கும் அது பிடிபடாது. எம்பி4 ஆக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அதை விளம்பரம் நிறைந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காமல், ஹேண்ட்பிரேக்கின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

திறந்து, வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் காட்டினால் ‘டைட்டில்’ என்று ஒரு பட்டியல் வரும். மிக நீளமானது எதுவோ அதுதான் கல்யாணம். மற்றவை ஸ்டூடியோவின் பூ விழும் மெனுவும் விளம்பரமும். பிரீசெட் என்ற தயார் அமைப்புகளின் பட்டியலில் ‘ஃபாஸ்ட் 576பி25’ எடுங்கள். நம் நாட்டு டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில், 576 வரியில், நொடிக்கு 25 படமாக எழுதப்பட்டவை. அதற்கு இது பொருந்தும். தரத்தைக் குறிக்கும் ‘ஆர்எஃப்’ எண்ணை 19 அல்லது 20ல் வையுங்கள். எண் குறைந்தால் தரமும் ஃபைலின் கனமும் கூடும். வீடியோ முறை ஹெச்.264, ஆடியோ முறை ஏஏசி. இதைவிடப் புதிய முறைகள் இருக்கின்றன, ஃபைலும் சிறியதாக வரும், ஆனால் சித்தப்பா வீட்டுப் பழைய டிவியில் ஓடாது. எல்லோர் வீட்டிலும் ஓடுவதுதான் முக்கியம்.

இரண்டு இடத்தில் மட்டும் நிதானியுங்கள். ஒன்று, சீப்புப் பல். அந்தக் காலத்துக் கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுத்தது. குண்டு டிவியில் அது தெரியாது. இன்றைய தட்டை டிவியில், மாலை மாற்றும்போது கை வேகமாக நகர்ந்தால் ஓரங்களில் சீப்புப் பல் போல் வரிகள் நீட்டிக்கொண்டு தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ பக்கத்தில் ‘டீஇன்டர்லேஸ்’ வரிசையில் ‘டீகோம்ப்’ போட்டால் சரியாகிவிடும். ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, கை கால் ஆடும் இடத்தில் பார்த்துவிட்டு அப்புறம் முழுப் படத்தையும் ஓட விடுங்கள்.

இரண்டாவது, அகலம். பழைய வீடியோக்கள் நாலுக்கு மூன்று அளவுச் சட்டத்தில் எடுத்தவை. புது டிவி பதினாறுக்கு ஒன்பது. டிவி அதைத் தன் அகலத்துக்கு இழுத்துவிடும். எங்கள் அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே இவ்வளவு குண்டா?” என்று கேட்டாள். ஹேண்ட்பிரேக் தானாகச் சரியான அளவை எடுத்துக்கொள்ளும், அங்கே நீங்கள் கை வைக்காமல் இருந்தாலே போதும். டிவி ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ போய் 4:3 ஆக்குங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், அக்கா மெலிவாள்.

செயற்கை நுண்ணறிவால் பழைய வீடியோவை 4கே ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். ஒரு துண்டு செய்து பார்த்தேன். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் பாட்டியின் முகம் பாட்டியுடையதாக இல்லை. வழுவழுவென்று வேறு யாரோ. எனக்கு மங்கலான பாட்டியே போதும்.

எம்பி4 வந்துவிட்டது என்று வீடியோ_டிஎஸ்ஸை அழித்துவிடாதீர்கள். அதுதான் மூலம். எம்பி4 அதிலிருந்து பிழிந்த சாறு.

எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் இந்த விதி நம் மலைக்காகவே எழுதியது போல இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து வீடுகளே போனதைப் பார்த்தவர்களுக்கு, மூன்று பிரதியையும் ஒரே பீரோவில் வைப்பது எவ்வளவு பயனற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களுடைய ஒரு ஹார்டு டிஸ்க் கீழே மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருக்கிறது. உலர்ந்த ஊர், பூஞ்சைப் பயமும் இல்லை.

இங்கே இருப்பதை இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் குடித்துவிட்டதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பீரோவுக்குள் குண்டு பல்ப் எரியவிட்டுத் துணியைக் காப்பாற்றும் நம் ஊர் வித்தை எல்இடி பல்பில் பலிக்காது, அதில் சூடு இல்லை. அந்துருண்டை டிஸ்க் டப்பாவுக்குள் போகக் கூடாது, அந்த வாசனை பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்கைச் சொருகி ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க நல்லது, வருடக்கணக்கில் பத்திரப்படுத்த நம்பாதீர்கள்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் எல்லாம் அடங்காது. முக்கியமான நாலைந்து எம்பி4களை மட்டும் ஏற்றுங்கள். யூடியூபில் ஏற்றினால் ஒரு சிக்கல்: கல்யாண வீடியோ முழுக்கப் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுகிறதல்லவா, யூடியூப் அதை அடையாளம் கண்டு ஒலியை முடக்கக்கூடும்.

உட்கார்ந்து பார்ப்பது

சுலபமான வழி, எம்பி4ஐப் பென் டிரைவில் போட்டு டிவியின் பின்னால் சொருகுவது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஏற்கும், ஆனால் சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளாது. நம் எம்பி4கள் ஒன்றிரண்டு ஜிபிதான் வரும் என்பதால் ஃபேட்32 போதும். ஃபைலின் பெயரைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். பென் டிரைவில் போடும் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், ஆண்டை முன்னால் போட்டுப் பெயர் வையுங்கள்.

இன்னும் வசதி வேண்டுமென்றால் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம்தான். வீட்டு வைஃபையில் இருக்கும் டிவி, போன் எல்லாவற்றிலும் உங்கள் வீடியோக்கள் ஓடிடி மாதிரி வரிசையாக வந்து நிற்கும். இன்டர்நெட் தேவையில்லை என்பதுதான் நமக்கு இதில் பெரிய விஷயம். மரம் விழுந்து கேபிள் அறுந்த நாளிலும் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இன்வர்ட்டரில் உயிர் இருந்தால் படம் ஓடும். நிறுவும்போது என்ன வகை நூலகம் என்று கேட்கும். ‘ஹோம் வீடியோஸ்’ என்று சொல்லுங்கள். நான் தெரியாமல் ‘மூவிஸ்’ என்று சொல்லிவிட்டேன். அது அக்கா கல்யாணத்துக்கு எங்கிருந்தோ ஒரு சினிமா போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. இடி இடிக்கும் சித்திரை, ஐப்பசி மாலைகளில் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

ஓடிடி செயலிகளில் ‘டவுன்லோட்’ செய்த படங்களை இதில் சேர்க்க முடியாது. அவை அந்தச் செயலிக்குள் மட்டும் ஓடும், நாள் கடந்தால் தாமாகவே போய்விடும்.

காப்பி எடுத்த பழைய டிஸ்குகளை நான் எறியவில்லை. வேறு நல்ல டிரைவ் கிடைத்தால் அந்தப் பதினோரு நிமிடம் வருமோ என்று ஒரு ஆசை.

அப்புறம் அந்தப் புதுமனைப் புகுவிழா. யார் வீடு என்று தெரியாமலேதான் அதையும் காப்பி எடுத்தேன். டிவியில் போட்டதும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இது நம்ம பழைய பால்காரர் வீடாச்சே, இப்ப அரவேணுவுல இருக்காங்க” என்றார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதாம். அதில் எங்கள் டிஸ்க் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.